சமூக வலைத்தளத்தில் சேரலாமா, வேண்டாமா? ஓர் ஆசிரியையின் தயக்கம்

பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியையிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறார். குடும்பத்தாரோடு பேசுவதற்கு வாட்ஸ்அப் வைத்திருப்பதைத் தவிர வேறு எங்கும் அவருக்குக் கணக்கு இல்லை. இப்போது மூன்று பக்கமிருந்தும் நெருக்குகிறார்கள். முன்னாள் மாணவர்கள் பார்க்கும்போதெல்லாம், 'மிஸ், நீங்கள் ஏன் பேஸ்புக்கில் இல்லை?' என்று கேட்கிறார்கள். பாடம் நடத்தும் புதிய உத்திகள் எல்லாம் அங்கேதான் கிடைக்கின்றன என்கிறார்கள் சக ஆசிரியர்கள். வகுப்புக்கு ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழு தொடங்கும்படியும், பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் படங்கள் எடுத்துத் தரும்படியும் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையே ஒரு நாள் மதிய இடைவேளையில் தோழி ஒருவர் தன் கைபேசியை நீட்டியிருக்கிறார். திரையில் பழைய வகுப்புப் படம். ஓரத்தில் இவர், கையில் வருகைப் பதிவேட்டோடு. கீழே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். 'சயின்ஸ் மிஸ்! அப்போது பார்த்த அதே கண்ணாடி!' என்று ஒருவர். இன்னும் கீழே இன்னொருவர்: 'என் விடைத்தாளை எல்லோருக்கும் படித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்தவர். அந்த வருடத்தோடு சயின்ஸை விட்டுவிட்டேன்.' ஆசிரியை கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

'சேரவும் பயம், சேராமலிருந்தால் பின்தங்கிவிட்டோமோ என்ற எண்ணம். கைபேசியைக் கீழே வையுங்கள் என்று தினமும் சொல்லும் நானே அதில் போய் உட்கார்ந்தால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டால் போதுமா? புனைபெயரில் சேர்ந்துவிடலாமா? சேர்ந்தால் அந்த மாணவனுக்கு விளக்கமாவது சொல்லலாமே' என்று முடிக்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு நீங்கள் ஒரே பதிலைத் தேடுகிறீர்கள். எந்தப் பதிலும் பொருந்தாமல் போவதற்கு அதுதான் காரணம். முன்னாள் மாணவர்கள் கேட்பது உறவு. சக ஆசிரியர்கள் சொல்வது தொழில் வளர்ச்சி. தலைமையாசிரியர் சொல்வது வேலை. ஒன்றுக்குச் சம்மதித்தால் மற்ற இரண்டுக்கும் சம்மதித்ததாக ஆகாது. ஒன்றை மறுத்தால் மூன்றையும் மறுத்ததாகவும் ஆகாது. இந்த மூன்றுக்கும் அப்பால், தூக்கத்தைக் கெடுத்த அந்த வரி இருக்கிறது. என்னைக் கேட்டால் கடிதத்தின் பாதி எடை அதில்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஒரு வரி

படத்தின் கீழே மற்றவர்கள் எழுதியதைப் பற்றி, 'பெரும்பாலும் அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள்' என்று அரை வரியில் கடந்துவிடுகிறீர்கள். கசப்பான ஒன்றை மட்டும் எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். மனித மனம் இப்படித்தான் வேலை செய்யும். பாராட்டை விடக் குற்றச்சாட்டு ஆழமாகப் பதியும். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் அந்த மாணவனை நம்புகிறீர்கள். 'அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு நினைவே இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படிச் செய்வோம்' என்கிறீர்கள். இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன.

சேர்ந்தால் விளக்கம் சொல்லலாம் என்பது உங்கள் எண்ணம். வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் படத்தின் கீழே நீங்கள் என்ன எழுதினாலும் பழைய வகுப்பு முழுவதும் அதைப் படிக்கும். யாராவது உங்களுக்குப் பரிந்துகொண்டு வருவார்கள். 'மிஸ் நம் நல்லதுக்குத்தானே சொன்னார்' என்பார் ஒருவர், 'இதையெல்லாமா இன்னும் மனதில் வைத்திருக்கிறாய்' என்பார் இன்னொருவர். அந்தப் பையன் இரண்டாவது முறையாக அதே வகுப்பின் முன்னால் தனியாக நிற்பான். நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக முடியும்.

செய்ய வேண்டியது சிறியது. அதற்குக் கணக்கும் தேவையில்லை. படத்தைக் காட்டிய தோழி மூலமாக, அதைப் பதிவிட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: அந்தக் கசப்பான வரியை எழுதியவருக்கு நான் ஒரு கடிதம் எழுதினால் வாங்கிக்கொள்வாரா? 'சரி' என்று வந்தால் எழுதுங்கள். 'நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த நாள் எனக்கு நினைவில்லை, உங்களுக்கு நினைவிருக்கிறது. நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.' இதற்கு மேல் நீளவேண்டியதில்லை. 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட அதில் வரக்கூடாது. பதிலை எதிர்பார்க்கவும் கூடாது. 'வேண்டாம்' என்று தகவல் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்பதும் ஒருவகைத் தொல்லையே.

இதை முடித்த பிறகு சமூக வலைத்தளத்தைப் பற்றி யோசியுங்கள். குற்ற உணர்ச்சியோடு உள்ளே போகிறவர்கள் இரவும் பகலும் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'நான் அங்கே இல்லை' என்பது சரியல்ல

கணக்கு தொடங்காதவரை யாரும் என்னைத் தொட முடியாது என்று நம்பியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படமே அதற்குப் பதில். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்க் கைபேசியை மூடவும் வழியில்லை. கணக்கு இல்லாதவரைப் பற்றி எழுதலாம், படம் போடலாம், அவர் பெயரில் போலிக் கணக்கே தொடங்கலாம்.

கணக்கு இல்லாதபோது உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யத்தான் முடியும். கணக்கு வந்துவிட்டால் படத்தோடு அதை இணைத்துவிடலாம். படத்தைப் பார்க்கிறவர் ஒரு தட்டில் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடுவார். இப்படி இணைக்கப்படுபவை உங்கள் பக்கத்தில் தோன்றுவதற்கு முன் உங்கள் ஒப்புதலைக் கேட்கும் வசதி பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் உண்டு. சேர்ந்த முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும். ஒப்புதல் மறுத்தாலும் படம் பதிவிட்டவரின் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத படம் என்றால் எடுத்துவிடும்படி நேரில் கேட்பதுதான் விரைவான வழி. முன்னாள் மாணவர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு இருந்தால் மட்டும் தயங்காமல் புகார் கொடுங்கள். கணக்கு இல்லாதவர்களும் புகார் தர இந்த இரண்டு தளங்களிலும் தனிப் படிவம் இருக்கிறது.

பூட்டும் புனைபெயரும்

கணக்கைப் பூட்டுவது தெரியாதவர்களைத் தடுக்கும், தெரிந்தவர்களைத் தடுக்காது. ஆசிரியர்களுக்கு வரும் சங்கடங்களில் பல, தெரிந்தவர் ஒருவர் திரையைப் படம்பிடித்து இன்னொருவருக்கு அனுப்புவதில்தான் தொடங்குகின்றன. அதன் பிறகு பதிவை அழிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஆகவே பூட்டை நம்பி எதையும் எழுதாதீர்கள். தலைமையாசிரியர், ஒரு பெற்றோர், கடைசி பெஞ்ச் மாணவன் ஆகிய மூவரும் படித்தாலும் பரவாயில்லை என்று தோன்றுவதை மட்டும் எழுதுங்கள்.

'அது என் சொந்தப் பக்கம்' என்ற வாதமும் எப்போதும் எடுபடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2006இல் ஆசிரியர் பயிற்சியில் இருந்த ஒரு பெண், கையில் கோப்பையோடு இருக்கும் விருந்துப் படத்தையும் தன் பணியைப் பற்றிச் சில வரிகளையும் மைஸ்பேஸ் தளத்தில் பதிவிட்டார். அவருக்கு ஆசிரியர் பட்டம் மறுக்கப்பட்டது. வழக்குத் தொடர்ந்தார்; 2008இல் தோற்றார். பொதுநலன் சார்ந்த விஷயத்தை அவர் பேசவில்லை என்று நீதிமன்றம் கருதியது. அதே நாட்டில் 1968இல், பள்ளி நிர்வாகம் பணத்தைச் செலவிடும் விதத்தை விமர்சித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதற்காக நீக்கப்பட்ட ஓர் ஆசிரியருக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. உங்கள் நாட்டுச் சட்டமும் பள்ளியின் பணி விதிகளும் வேறாக இருக்கலாம். நியமனத்தின்போது தந்த விதிகளை எடுத்து, ஊடகம், பொதுவெளிக் கருத்து பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் மனநல ஆலோசகர். விதியின் பொருள் புரியவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரையோ உங்கள் ஆசிரியர் சங்கத்தையோ கேட்பது நல்லது.

புனைபெயரைப் பொறுத்தவரை, பேஸ்புக்கில் சொந்தப் பக்கத்துக்கு அன்றாட வாழ்க்கையில் வழங்கும் பெயரைத்தான் கேட்கிறார்கள். புகார் வந்தால் அடையாளச் சான்று கேட்டுக் கணக்கை நிறுத்தவும் செய்வார்கள். எக்ஸ், இன்ஸ்டாகிராம் போன்றவை புனைபெயரை அனுமதிக்கின்றன. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் வைத்திருப்பவர்கள் தொடர்புப் பட்டியலைத் தளத்தில் ஏற்றினால், 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்ற வரிசையில் புனைபெயர்க்காரராக நீங்களே போய் நிற்பீர்கள். இருபது ஆண்டுகளாக எத்தனை பெற்றோரிடம் உங்கள் எண் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேறு பெயரில் நடமாடிய ஆசிரியை என்று பிடிபடுவது, சொந்தப் பெயரில் சாதாரணமாக ஏதோ எழுதியதை விட அதிகமாகப் பேசப்படும். ஒளிந்துகொண்டு செய்ய வேண்டிய அவசியம் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

யாரைச் சேர்ப்பது

இப்போது உங்களிடம் படிக்கும் மாணவர்களை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மதிப்பெண் போடும் கை உங்களுடையது. நட்பு அழைப்பை மறுக்கும் துணிவு அந்தப் பிள்ளைக்கு இருக்காது. ஒருவரைச் சேர்த்து ஒருவரை விட்டால், மறுநாள் வகுப்பில் அது தெரியும். அவர்களுடைய இரவு நேரப் பதிவுகளைப் பார்த்துவிட்டால், பார்த்ததை என்ன செய்வது என்ற சங்கடம் வேறு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011இல் ஆசிரியரும் மாணவரும் இணையத்தில் தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்வதைச் சட்டம் போட்டே தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் தன் சொந்தப் பிள்ளையோடு பேசுவதைக்கூடத் தடுக்கும் அளவுக்கு விரிவாக இருக்கிறது என்று நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்தப் பகுதி பிறகு நீக்கப்பட்டது. சட்டத்தால் போட முடியாத அந்தக் கோட்டை ஆசிரியர் தானே போட்டுக்கொள்ளலாம். ஆண்டின் முதல் நாளே, 'படிக்கும் மாணவர்கள் யாரையும் நான் சேர்ப்பதில்லை' என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. மற்றொன்று: பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது பொதுவாக 13. அதற்கும் கீழே உள்ள பிள்ளையிடமிருந்து அழைப்பு வந்தால் பேச வேண்டிய இடம் திரை அல்ல, பெற்றோர்.

முன்னாள் மாணவர்கள் விஷயம் அவ்வளவு கண்டிப்பானதல்ல. பள்ளியை முடித்து, வயது வந்தவர்களாகி, அவர்களுடைய தம்பி தங்கைகளும் உங்கள் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள் என்றால் தாராளமாகப் பழகலாம். அழைப்பு அவர்களிடமிருந்து வரட்டும், நீங்கள் அனுப்பாதீர்கள். ஒன்றை எதிர்பார்த்தே போங்கள்: அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். உங்களுக்கு ஒப்பாத அரசியலும், உங்களுக்குச் சிரிப்பு வராத நகைச்சுவையும் அங்கே இருக்கும். திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள், எழுத்துப் பிழையைக்கூட. இத்தனைக்கும் துணிவு வரவில்லை என்றால், தொடர்புகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும். உண்மையாகவே பேச நினைப்பவர்கள் எழுதுவார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் லேசாகக் கடந்துபோன சக ஆசிரியர்கள் பக்கம்தான் எனக்கு அதிகப் பயனுள்ளதாகத் தெரிகிறது. ஒரே பாடத்தை நடத்துகிறவர்களின் குழுவில், ஆய்வகம் இல்லாத வகுப்பறையில் ஒரு செய்முறையை எப்படிக் காட்டுவது, எந்த இடத்தில் பிள்ளைகள் எப்போதும் குழம்புகிறார்கள் என்பவை போன்ற விஷயங்கள் கிடைக்கும். பயிற்சி வகுப்புகளில்கூட இவற்றை இவ்வளவு வெளிப்படையாகப் பேசமாட்டார்கள். அங்கேயும் தங்கள் மாணவனின் விடைத்தாளைப் படமெடுத்து, 'இதைப் பாருங்கள்' என்று போடுகிறவர்கள் இருப்பார்கள். பெயரை மறைத்திருந்தாலும் அது என்ன வேலை என்பது இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளி கேட்பது வேறு

தலைமையாசிரியர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். 'சரியாகச் செய்ய விரும்புகிறேன், வழிமுறைகளைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்' என்று பணிவாகவே எழுதலாம். குழு எந்த எண்ணில் தொடங்குவது, எத்தனை மணிவரை பதில் சொல்ல வேண்டும், யார் பொறுப்பு என்பவை அதில் தெளிவாக வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். உங்கள் எண் மட்டுமல்ல, ஒரு தாயின் எண் அறிமுகமில்லாத நாற்பது பேருக்குப் போகும். சொந்த எண்ணைத் தவிர்த்துப் பள்ளியின் எண்ணைக் கேட்பது உங்கள் நியாயமான கோரிக்கை. நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி குழுவை அமைத்துக்கொள்ளவும் வழி உண்டு. வீட்டுப்பாடம் என்ன என்ற கேள்வி இரவு பதினோரு மணிக்கு வந்து விழாது.

மாணவர் படங்களைப் பற்றி இன்னும் எச்சரிக்கை தேவை. உங்கள் கைபேசியில் எடுத்து, உங்கள் கைபேசியிலிருந்தே அனுப்பினால், நாளை ஒரு பெற்றோர் ஆட்சேபித்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பள்ளி வாங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும். பெயரும் முகமும் வகுப்பும் ஒரே பதிவில் சேர்ந்து வரக்கூடாது. இவ்வளவும் கேட்டால் தலைமையாசிரியர் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடவும் கூடும். உங்களுக்கு அதில் நஷ்டமில்லை.

'என் பேச்சுக்கு என்ன மதிப்பு' என்ற கவலைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். வகுப்பு நேரத்தில் கைபேசியைக் கீழே வைக்கச் சொல்வதும், மாலையில் அரை மணி நேரம் ஆசிரியர் குழுவைப் பார்ப்பதும் முரண் அல்ல. முடிவே இல்லாமல் கீழே நகர்ந்துகொண்டே போகும் பக்கம் 2006இல் வடிவமைக்கப்பட்டது. பேஸ்புக்கில் விருப்பக் குறி 2009இல் வந்தது. நிறுத்தத் தோன்றாமல் பார்க்க வைப்பதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு. ஓர் அறிவியல் ஆசிரியை இதைத் தன் கைபேசியிலேயே உணர்ந்து பார்த்துவிட்டு வகுப்பில் சொன்னால், வெறும் கண்டிப்பை விடப் பிள்ளைகள் கூடுதலாகக் காது கொடுப்பார்கள்.

எதிலும் சேராமலே இருந்துவிடுவதும் முழுமையான பதில்தான். உங்களை யாரும் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிவிட மாட்டார்கள். சொன்னாலும் பாடம் நடப்பது நிற்காது. சேர்வதென்றால் ஒரே ஒரு தளம், அதிலும் பாட ஆசிரியர்களின் ஒரே ஒரு குழு என்று தொடங்குங்கள். கைபேசியில் செயலியை நிறுவாமல் கணினி உலாவியில் மட்டும் திறந்து பாருங்கள். எழுந்துபோய்க் கணினி முன் உட்கார வேண்டியிருப்பதே பெரிய கட்டுப்பாடு. தொடர்புப் பட்டியலை ஏற்றட்டுமா என்று தளம் கேட்டால் மறுத்துவிடுங்கள். தொலைபேசி எண்ணைக் கொண்டு யார் உங்களைத் தேடலாம் என்பதையும் அமைப்பில் குறுக்கிவிடுங்கள்.

ஒரு பருவம் போனபின் பிடிக்கவில்லை என்றால் விலகலாம். முடக்குவதும் அழிப்பதும் ஒன்றல்ல. முடக்கினால் எல்லாம் அப்படியே இருக்கும், திரும்ப நுழைந்தால் உயிர் பெற்றுவிடும். பேஸ்புக்கில் அழிக்கச் சொன்ன பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம். குழுவில் கிடைத்த நல்ல செய்முறைக் குறிப்புகளை மட்டும் அதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு போய்விட்டால் மூடிய குழுக்களில் இருப்பதைத் திரும்பத் தேடி எடுக்க வழியிருக்காது.